துர்துக்: 1971-இல் நாடு மாறிய ஊர்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற இரைச்சல் ஷயோக் ஆறு. காற்று வேறு பிய்த்துக்கொண்டு போகிறது, மைக்கைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறேன். லடாக், நூப்ரா பகுதி, துர்துக். லேவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 'இந்தியாவின் கடைசி கிராமம்' என்று தம்ப்னெயில் போட்டு ஏகப்பட்ட வீடியோ வந்தாச்சு. ஆனால் இதற்கு அப்பாலும் தியாக்ஷி, தாங் என்று ஊர்கள் இருக்கின்றன.

1971 டிசம்பர் வரை இந்த ஊர் பாகிஸ்தான் வசம். அந்த மாதம் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் மேஜர் சேவாங் ரிஞ்சென் தலைமையில் வந்த இந்தியப் படை ஆற்றோரமாகவே முன்னேறி சாலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் நான்கையும் பிடித்தது. இருபக்கமும் செங்குத்தான மலை, நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றுதான் வழி. இதே ஆறு கீழே, பாகிஸ்தான் வசமுள்ள கப்லு ஊரைத் தாண்டிப் போய் சிந்து ஆற்றில் கலக்கிறது. வடக்கே இரு நாடுகளும் உரிமை கோரும் சியாச்சின் பனியாறு. இப்போது புரிகிறதா, இந்தக் குட்டி ஊருக்கு ஏன் இத்தனை மவுசு என்று?

பஞ்சாப், சிந்து மாகாணங்கள் பக்கம் பிடித்த இடங்களை, இரு நாடுகளும் 1972-இல் போட்ட சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா திருப்பிக் கொடுத்துவிட்டது. காஷ்மீரில் மட்டும் 1971 டிசம்பர் 17 அன்று யார் எங்கே நின்றார்களோ அதுவே இரு நாடுகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு. துர்துக் இந்தப் பக்கமே தங்கிவிட்டது.

ஊர்க்காரர்களை யார் கேட்டார்கள்? இவர்கள் பால்டி பேசும் முஸ்லிம்கள். வேலைக்கும் படிப்புக்கும் பாகிஸ்தான் பக்கம் ஸ்கர்டு, லாகூர் போயிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுத் தாத்தாவின் அண்ணனும் அப்படித்தான். அவர் இருக்கும் கப்லு இதோ இந்த ஆற்றோடு போனால் வந்துவிடும். ஆனால் 2025-இல் வாகா எல்லை மூடப்படும் வரை, அவரைப் பார்க்க விசா வாங்கி, டெல்லி, வாகா, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்டு என்று ஊரைச் சுற்றி வர வேண்டியிருந்தது. இப்போது வாட்ஸப்பில் முகம் பார்க்கிறார்கள், அதுவும் சிக்னல் இருந்தால்.

1999 கார்கில் போரிலும் மேலே இந்த முகடுகளில் சண்டை நடந்தது. இந்திய ராணுவத்தின் கேப்டன் ஹனீஃபுதீன் இந்தத் துர்துக் பகுதியில்தான் உயிரிழந்தார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட்டதே 2010-இல்தான். சரி, இதைப் பாருங்கள். கல்லடுக்கிக் கட்டிய குட்டி அறை, பெயர் நங்சுங். கல் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வருகிறது, உள்ளே கை வைத்தாலே சில்லென்று இருக்கிறது. வெண்ணெய், இறைச்சி எல்லாம் இதில்தான் வைப்பார்களாம். கரண்ட் பில் கிடையாது!

அடுத்து தாங் போகிறேன். வழியில் ராணுவ முகாம்கள் இருக்கின்றன, அங்கே கேமரா கூடாது. நீங்கள் வந்தாலும் அப்படித்தான். அப்புறம், பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், இங்கே யாருக்கும் பிடிக்காது.