இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் சென்னையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். மாலையில் லேசாக உடம்பு சுட்ட குழந்தை, நள்ளிரவில் திடீரென்று விறைத்துப்போய், கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும், உதடு நீலம் பாரிக்கும். பெற்றவர்களுக்குப் பிள்ளை கையைவிட்டுப் போகிறது என்றே தோன்றும். இது காய்ச்சல் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் 2, 3 நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. அந்த நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் பதறிச் செய்யும் காரியங்கள்தான் பல சமயம் கெடுதல் செய்கின்றன.

முதலில் விளக்கைப் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது மனதில் பதிய வேண்டும். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். 5 நிமிடத்தைத் தாண்டுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சையே முடிவாகிறது.

குழந்தை தூளியில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். தூளித் துணியில் கழுத்து முன்பக்கம் மடங்கி மூச்சுக்குழாய் அடைபடும். கட்டில் விளிம்பும் வேண்டாம். தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு போதும். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயோரம் வழியும் எச்சிலையும் வாந்தியையும் வெளிப்புறமாகத் துடைத்துவிடுங்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு அவையெல்லாம் நுரையீரலுக்குள் இறங்கும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது அதனால்தான்.

வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து கரண்டியையோ விரலையோ பல்லுக்கிடையில் திணிக்கிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. பால்பல் உடைந்து தொண்டைக்குள் போவதும், பெரியவர் விரல் கடிபடுவதும்தான் நடக்கும். தண்ணீர், பால், மருந்து எதுவும் நினைவு முழுதாகத் திரும்பும்வரை வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடித்தால் வலிப்பு நிற்காது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் வெங்காயத்தை முகரவைப்பதாலும் நிற்காது. வீட்டுப் பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், நேரம் பார்க்கிற வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் அரை நிமிடம் காணொளி எடுக்கட்டும். இழுப்பு இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா என்பது மருத்துவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.

முதல் வலிப்பு என்றால் நிமிடக் கணக்குக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது. குழந்தையின் வயது, வலிப்பு நின்றதா இல்லையா, தெருப்பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ, இவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருந்தால் எந்தப் பக்கமாக வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நிற்கட்டும். அடுக்குமாடி என்றால் காவலாளியிடம் சொல்லி வாசலைத் திறந்து, லிஃப்டைக் கீழே நிறுத்தி வையுங்கள். இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரு சக்கர வண்டியில் பறக்கவே கூடாது. கழுத்து தொங்கிப் பாதி வழியிலேயே மூச்சு தடைபடும். கார்தான் கிடைத்தது என்றால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னிருக்கையில் குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இழுப்பு நின்றதும் குழந்தை துவண்டு தூங்கும். அது இயல்பு. ஆனால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வலிப்பு, ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, ஒரு மணி நேரமாகியும் முகம் பார்த்துப் பேசாதது, கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, 6 மாதத்துக்கும் குறைந்த வயது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளைக்காய்ச்சலா என்று பார்த்தாக வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு இயங்குகிறது. அங்கே முதலில் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஒரு வயதுக்குள் இருந்தால், முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்பார்கள். பயந்து மறுத்துவிடாதீர்கள். மூளைக்காய்ச்சலை உறுதியாகக் கண்டறிய அதுதான் வழி.

இனி காய்ச்சல் மருந்து. அதிகம் தவறு நடப்பது இதில்தான். பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளதென்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப் கணக்கில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும், கல்லீரல் தாங்காது. சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். குழந்தையின் எடையையும் மில்லி அளவையும் புட்டியின் மேல் பேனாவால் எழுதிவையுங்கள். டெங்கு பரவும் மாதங்களில் ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவைக் கூட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் உடம்புவலியைக் குறைத்துக் குழந்தையை இதமாக வைக்கும், வலிப்பைத் தடுக்காது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் தெரியவரும் முன்பே வலிப்பு வந்துவிடுகிறது. மருந்து கொடுக்க மறந்ததால்தான் வந்தது என்று அம்மாவைக் குறைசொல்வது நியாயமே இல்லை. ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். நடுக்கம் வந்து உடம்பு இன்னும் சூடாகும்.

ஒருமுறை வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மறுபடி வரலாம். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை தடவை அழுத்துவது, எந்த நிமிடத்தில் அடிப்பது என்று அவரிடமே கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலாவதி தேதியை அவ்வப்போது பாருங்கள். இரவில் குழந்தை பாட்டியோடு படுக்கிறதென்றால், ஸ்பிரே எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்பதைப் பாட்டிக்கும் செய்து காட்டிவிடுங்கள்.