ஒரு டம்ளர் காயல் தண்ணீரில் எத்தனை பந்தி?

[காட்சி: புன்னைக்காயல் முகத்துவாரம், காலை நேரம். கண்ணாடி டம்ளரில் லேசாகக் கலங்கிய தண்ணீர்.]

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இப்போதுதான் கோரிய தண்ணீர் இது. நாக்கில் பட்டால் கரிக்கும். புன்னைக்காயல், பழையகாயல், காயல்பட்டினம் என்று நம் நெல்லைச் சீமைக் கடற்கரையில் ஊர்ப் பெயரிலேயே காயல், அதாவது ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் கழி, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனதில், பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. வண்டலோடு மக்கிய இலை, வைக்கோல், சாக்கடை எல்லாம் வரும். அது அத்தனையும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

இந்த மாதிரித் தண்ணீரில் ஒரு மில்லிக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். சத்து மிகுந்த காயலில் ஒரு கோடியைக்கூடத் தொடும். குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும் 200 மில்லி டம்ளரில் 20 கோடி. தமிழ்நாட்டு ஜனத்தொகை இரண்டு தடவை அடங்கி மிச்சமும் இருக்கும்.

[காட்சி: மைக்ராஸ்கோப். கறுப்புத் தரையில் பச்சைப் பொட்டுகள்.]

யார் எண்ணியது என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் சத்து கலந்த ஜெல்லித் தட்டில் தண்ணீரைத் தடவி, முளைக்கிற புள்ளிகளை எண்ணினார்கள். பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட முளைக்காது. 1977-ல் ஜான் ஹாபி என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் வேறொரு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வழவழப்பான ஃபில்டரை முதலில் கறுப்புச் சாயத்தில் தோய்த்துவிடுவார்கள். தண்ணீரில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஃபில்டர் வழியாக உறிஞ்சினால், பாக்டீரியா மேலேயே தங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சினால், மழைக்கால ராத்திரியில் மின்மினி தெரிகிற மாதிரி பச்சைப் பொட்டுகள். கட்டம் கட்டமாக எண்ணிப் பெருக்க வேண்டியதுதான். கழுத்து வலிக்கிற வேலை.

சரி, இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கும் மெண்டோட்டா ஏரிக்குப் போவோம். குளிர்காலத்தில் அதன் மேல் பனிக்கட்டி மூடி, மாதக்கணக்கில் ஆட்கள் நடந்தே போவார்கள். அப்படிப்பட்ட குளிர்நாட்டு ஏரிகளிலும் எண்ணிப் பார்த்தால் மில்லிக்கு லட்சங்களில்தான் கணக்கு வருகிறது. நம் காயலுக்கும் அதற்கும் தலைக்கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. அப்படியானால் இரண்டும் ஒன்றா?

மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் 100 இலைதான் போட முடியும். எப்போது எட்டிப் பார்த்தாலும் 100 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பந்தியோடு முடிந்துவிடும், இன்னொரு வீட்டில் பத்துப் பந்தி ஓடும். இலையை மட்டும் எண்ணினால் இது தெரியாது. சமையற்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

பாக்டீரியாவின் பந்தியை, அதாவது எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை, எண்ண வழி சொன்னவர்கள், 1980-களின் தொடக்கத்தில், ஜெட் ஃபர்மன், ஃபரூக் அசாம் என்ற இரண்டு விஞ்ஞானிகள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று தைமிடின். கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளம் போட்ட தைமிடினைத் தண்ணீரில் துளி விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் செல்களை வடிகட்டி எடுத்து, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கருவியில் அளப்பார்கள். நிறையப் போயிருந்தால் பந்தி வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் உயிரின் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தோராயக் கணக்கு. பனிக்கட்டிக்கு அடியில் 4 டிகிரி, இங்கே 29 டிகிரி என்றால் ஐந்தரை மடங்கு வேகம் வருகிறது. சாப்பாடு கிடைத்தால்தான், பட்டினி கிடந்தால் வெயில் மட்டும் என்ன செய்யும்?

அப்புறம் ஏன் கூட்டம் பெருகவில்லை? தின்கிற ஆளும் அதே வேகத்தில் இருக்கிறான். வால் போன்ற இழையை வீசி நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள் பாக்டீரியாவை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ்களோ பாக்டீரியாவைப் போலச் சுமார் பத்து மடங்கு. நம் பந்தியில் சாப்பிட்டவர் கைகழுவப் போவார். அங்கே சாப்பிட்டவரையே இன்னொருவர் சாப்பிட்டுவிடுகிறார்.

[காட்சி: மழை வெள்ளம், பிறகு பனி மூடிய ஏரி.]

குளிர்நாட்டு ஏரிக்குக் காலண்டர் எழுதுவது வெப்பநிலை. வசந்தத்தில் பனி உருகி, அடித்தண்ணீரும் மேல்தண்ணீரும் கலக்கும்; பாசி பெருகும், பின்னாலேயே பாக்டீரியாவும் பெருகும். நம் காயலுக்குக் காலண்டர் எழுதுவது மழையும் உப்பும்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி வெள்ளம் உப்பைக் கழுவி, வயலையும் தெருவையும் வாரி, காயலில் கொண்டுவந்து போடும்.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. 4 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 13 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மட்டுமே. உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். இருப்பு கம்மி, செலவு ஜாஸ்தி.

அமலைச் செடி மூடிய குளத்தங்கரையில் விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நின்று பாருங்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் ஆக்சிஜன் தராது, பாக்டீரியாவோ ஓயாது. செடி விலகிய இடத்தில் கெண்டைகள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கீழே போகும்.