தசைக்குள் சர்க்கரை நுழையும் இரண்டு வழிகள்

[காட்சி: தை மாதம், சிராவயல். தொழுவிலிருந்து பாய்ந்து வரும் காளை. அதன் திமில் அருகில் தெரிகிறது.]

காரைக்குடிக்கு அருகே சிராவயல் மஞ்சுவிரட்டில் பாய்ந்து வரும் காளையின் திமிலை, ஒட்டகத்தின் திமிலைப் போலக் கொழுப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் தசை. ஒரே வைக்கோலையும் பருத்திக்கொட்டையையும் தின்றாலும், காளைக்கு எழும் அளவு திமில் காயடித்த மாட்டுக்கு எழுவதில்லை. காரணம், ஆண் ஹார்மோன் தரும் சமிக்ஞை. தீவனம் மூலப்பொருள்தான்; அதைத் தசையாக்குவதா இல்லையா என்பதைச் செல்லுக்கு வந்துசேரும் சமிக்ஞைகளே முடிவு செய்கின்றன.

[காட்சி: தசைச் செல்லின் குறுக்குவெட்டு வரைபடம்.]

மனிதத் தசையிலும் இதே நிலைதான். இன்சுலினோ, ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியோ செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் இணைந்ததும், உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அச்செய்தி ஆக்ட் என்ற நொதியைச் சென்றடைகிறது. ஆக்ட், எம்டார் என்ற மற்றொரு நொதியை இயக்கிப் புதிய புரதங்களை உருவாக்கச் செய்கிறது. அதே வேளையில், புரதச் சிதைவைத் தூண்டும் ஃபாக்ஸோ என்ற புரதத்தை உட்கருவுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. முட்டையிலும் நாட்டுக்கோழியிலும் பருப்பிலும் உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் எம்டாரைத் தனி வழியில் தூண்டுகிறது. எடை தூக்கும் பயிற்சியும் தூண்டுகிறது. ராபமைசின் என்ற மருந்தால் எம்டாரைத் தடுத்துவிட்டால், பயிற்சிக்குப் பின் வழக்கமாக உயரும் புரத உற்பத்தி உயர்வதில்லை.

வளர்ச்சிக்கு வரம்பு கட்டும் சமிக்ஞையும் உண்டு. மயோஸ்டேட்டின் என்ற அந்தப் புரதத்துக்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளின் தசைகள் இரண்டு மூன்று மடங்கு பருத்திருந்ததை 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

[காட்சி: செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு கடந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கேமரா செல்கிறது.]

நம் ஊரில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது என்பதால், வளர்ச்சியைவிட வளர்சிதைமாற்றமே நமக்கு முக்கியம். மாலையில் உண்ட வெள்ளைப்பணியாரத்தின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும்போது, இன்சுலினின் தூண்டுதலால் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது எலும்புத்தசையே. குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் சாதாரணமாகச் செல்லுக்குள் சிறு பைகளில் அடங்கியிருக்கின்றன. ஆக்ட் வழியே செய்தி வந்ததும் அவை மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்கின்றன. தசைக்குள் நுழைந்த குளுக்கோஸ் மறுபடி ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. கல்லீரலில் உள்ளதைப் போல அதை விடுவிக்கும் நொதி தசையில் இல்லை.

இன்சுலின் வரும் வழி முகப்பு வாசல் என்றால், செட்டிநாட்டு வீட்டின் பின்தெரு வாசலைப் போலத் தசைக்கும் இன்னொரு வழி உண்டு. தசை சுருங்கும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகி, அதிலிருந்து உண்டாகும் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. அதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதியும், சுருக்கத்தின்போது வெளியாகும் கால்சியமும், இன்சுலினின் உதவியின்றியே குளூட்-4 மேற்பரப்புக்கு வரத் துணைபுரிகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் பழுதாவது பெரும்பாலும் முகப்பு வழியே. தசைச் செல்லுக்குள் தேங்கும் கொழுப்பின் துணைப்பொருள்கள் இன்சுலின் சமிக்ஞையைக் குலைப்பது அதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பின்வாசல் நீரிழிவு உள்ளவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. உணவுக்குப் பின் நடக்கச் சொல்லும் மருத்துவ அறிவுரைக்குப் பின்னால் இருக்கும் உயிரியல் இதுதான். நடையை நிறுத்திய பிறகும் ஒருநாள், சிலருக்கு இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏஎம்பிகே எம்டாரை அடக்கும் தன்மையுடையது. ஆற்றல் குறைந்திருக்கும் செல் புரதம் கட்டுவதில் செலவழிக்காமல் காத்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. ஆனால் இதைக் காட்டி, நடப்பவர்க்குத் தசை வளராது என்று சிலர் சொல்வது மிகை. அந்த அடக்கம் சில மணி நேரத்தில் விலகிவிடும்.

[காட்சி: வளவுத் தூணைப் பிடித்து எழும் முதியவர்.]

காய்ச்சலாலோ எலும்பு முறிவாலோ முதியவர் ஒருவர் வாரக்கணக்கில் படுத்துவிட்டால் தசை வளர்ச்சி, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய இரண்டு கணக்கும் ஒருசேரக் குலைகின்றன. புரத உற்பத்தி குறைந்து தசை மெலிகிறது. குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் இடமும் அதே அளவுக்குச் சுருங்குகிறது. அதனால்தான், மருத்துவர் அனுமதித்தவுடன், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் எளிய பயிற்சியையும், ஒவ்வொரு வேளையும் போதிய புரதத்தையும் சேர்த்தே தொடங்கச் சொல்கிறார்கள்.