லெதர் ஜாக்கெட்டில் இடது கை லைனிங் மட்டும் ஏன் கிழிகிறது?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குச் சின்ன விஷயம்தான், ஆனால் லெதர் ஜாக்கெட் வைத்திருக்கிற நிறையப் பேர் இதை அனுபவித்திருப்பீர்கள். வெளியே தோல் புதுசு மாதிரியே இருக்கும், ஜிப்புக்கும் பட்டனுக்கும் ஒரு குறையும் இருக்காது, ஆனால் கையை உள்ளே விட்டால் விரல் எங்கோ ஓர் ஓட்டைக்குள் நுழைந்து லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். உடனே மட்டமான துணியைப் போட்டுவிட்டார்கள் என்று தைத்தவர்களைத் திட்டத் தொடங்கிவிடுவோம். திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

இதோ என் ஜாக்கெட்டையே காட்டுகிறேன். இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். இது வலது கை: துணி மினுமினு என்று அப்படியே இருக்கிறது. இது இடது கை: விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி, இந்த இடத்தில் மினுமினுப்பு போய் மங்கலாகிவிட்டது, நடுவில் பாவு நூல் எல்லாம் அறுந்து குறுக்கே போகிற ஊடை மட்டும் தொளதொளவென்று தொங்குகிறது. ஒரே துணி, ஒரே தையல், ஒரே வயது. நான் வாட்ச் கட்டுவது இடது கையில். வேறு சாட்சி வேண்டுமென்றால் செயின் வாட்சைக் கழற்றி, கண்ணிகளுக்கு நடுவே ஒரு குண்டூசியால் சுரண்டிப் பாருங்கள், லைனிங் நிறத்திலேயே பஞ்சு பஞ்சாக வரும். அது உங்கள் ஜாக்கெட்தான்.

சாதாரண கோட்டிலும் இது நடக்கும், ஆனால் லெதரில் வேகமாக நடக்கும். துணிக் கோட்டின் கை வாட்ச் இருக்கிற இடத்தில் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். தோல் அப்படி இல்லை, பொதுவாக ஒரு மில்லிமீட்டர் தடிமன், பைக் ஜாக்கெட்டில் அதற்கும் மேல், கையும் ஒல்லியாக இறுக்கமாகத் தைத்திருப்பார்கள். மெல்லிசான துணி ஒரு பக்கம் ஸ்டீலுக்கும் இன்னொரு பக்கம் விறைப்பான தோலுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. பலகை மேல் துணியை விரித்து அரத்தால் தேய்ப்பது போலத்தான். பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹேண்டில்பாரின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும், போகிற நேரமெல்லாம் தேய்ப்புதான்.

வாட்சில் எந்த இடம் குற்றவாளி என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வாட்ச் முழுக்க எல்லாப் பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள். எங்கே இழை மாட்டி நிற்கிறதோ அங்கேதான் லைனிங்கும் மாட்டும். டைவிங் வாட்ச் என்றால் பெசலின், அதாவது டயலைச் சுற்றி இருக்கிற வளையத்தின், பல் பல்லான விளிம்பு. ஸ்டாப்வாட்ச் வைத்த மாடல் என்றால் பக்கத்தில் இருக்கிற பொத்தான்கள். கிரவுன், அதாவது நேரம் திருப்புகிற அந்தத் திருகு, அதில் பிடிமானத்துக்காகக் கோடு கோடாக வெட்டியிருப்பார்கள். விரலுக்குப் பிடிமானம் கொடுக்கிற எதுவும் துணியையும் பிடிக்கத்தான் செய்யும்! அதோடு இடது கையில் கட்டும்போது கிரவுன் விரல் பக்கம் பார்த்து நிற்கிறது, கையை ஜாக்கெட்டுக்குள் நுழைக்கும்போது வாட்சில் முதலில் போய் லைனிங்கில் மோதுவதே அதுதான். இத்தனையும் மேல்பக்கம். நிறையப் பேர் பார்க்க மறந்துபோவது கீழ்ப்பக்கம்: செயினைப் பூட்டுகிற மடிப்புக் கிளாஸ்ப். ஜாக்கெட்டோடு மேசையில் கையை ஊன்றித் தட்டச்சு செய்தால் கையின் எடை முழுக்க அதன் மேல்தான், நடுவில் லைனிங். செயின் கண்ணிகளைக் கோக்கிற பின் ஒன்று துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், அது தேய்க்காது, நேராகக் கிழித்துவிடும்.

இதில் என்னைக் கடுப்பேற்றுகிற விஷயம் ஜாக்கெட்டின் அமைப்புதான். கை முனையில் தோலை உள்பக்கமாக மூன்று நாலு சென்டிமீட்டர் மடித்து, அந்த மடிப்பு முடிகிற இடத்தில் லைனிங்கைச் சேர்த்துத் தைப்பார்கள். கை நீட்டும்போது துணி இழுபடக் கூடாது என்று அங்கே லைனிங்கைக் கொஞ்சம் தளர்வாக, ஒரு மடிப்பு விழுகிற மாதிரி விடுவார்கள். தையல் சாஸ்திரப்படி அது சரிதான். ஆனால் வாட்ச் உட்கார்கிற இடமும் அதேதான், மடிப்பின் முனை புடைத்துக்கொண்டு நிற்பதால் முதல் அடி அதற்குத்தான் விழுகிறது. அந்தத் தோல் மடிப்பை இன்னும் நாலைந்து சென்டிமீட்டர் நீட்டியிருந்தால் வாட்ச் தோலின் மேல் உரசும், லைனிங் தப்பிக்கும். தோல் மிச்சம் பிடிக்கிறார்கள், வேறென்ன.

சரி, துணிக்கு வருவோம். கைப் பகுதிக்கு வழுக்குகிற துணி வேண்டும் என்பதால் சாட்டின் மாதிரி நெசவைப் போடுகிறார்கள். சாட்டினில் நூல் நாலைந்து இழைகளைத் தாண்டித் தாண்டி மேலாக ஓடும், அதனால்தான் வழுக்குகிறது, அதனாலேயே எதிலும் சுலபமாக மாட்டவும் மாட்டுகிறது. நூல் என்ன என்பதும் முக்கியம். உரசலைத் தாங்குவதில் நைலான்தான் முதல், அடுத்து பாலியஸ்டர். விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்கிற ரேயான் நூல், உடம்புக்கு இதமானது, வியர்வையை உறிஞ்சும், விலை உயர்ந்த ஜாக்கெட்டில்கூட அது இருக்கும், ஆனால் நனைந்தால் அதன் பலத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். வாட்ச் பட்டைக்கு அடியில் வியர்க்காத ஆள் உண்டா? அதே மரக்கூழிலிருந்து வருகிற இன்னொரு நூலான அசிடேட் இன்னும் மோசம், உரசலுக்கு நிற்கவே நிற்காது. ஆகவே உள்ளே இருக்கிற லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் லைனிங் என்ன துணி என்று தனியாகப் போட்டிருக்கும்.

என்ன செய்யலாம்? வாட்சைக் கழற்றிவிட்டு ஜாக்கெட்டைப் போட்டு, அப்புறம் கட்டுங்கள், கழற்றும்போதும் அதே மாதிரி. சலிப்பான வேலைதான், ஆனால் பெரிய கிழிசல் எல்லாம் போடும்போதும் கழற்றும்போதும்தான் விழுகிறது, நாள் முழுக்க நடக்கிற உரசலில் மெதுவாக மங்கத்தான் செய்யும். கை முனையில் ஜிப் இருந்தால் அதை முழுசாகத் திறந்துவிட்டுக் கையை விடுங்கள், ஜிப் அலங்காரத்துக்கு இல்லை. ஜாக்கெட் போடுகிற நாளில் ஸ்டீல் செயினுக்குப் பதில் தோல் அல்லது ரப்பர் பட்டை போட்ட ஒல்லியான வாட்ச். இல்லையென்றால் ஜாக்கெட்டுக்கு மேலேயே கட்டுங்கள், சிரிக்காதீர்கள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படைக்குச் செய்த 55 மில்லிமீட்டர் வாட்சுகளுக்கு நீளமான தோல் பட்டை வைத்ததே ஜாக்கெட் கைக்கு மேலே கட்டுவதற்காகத்தான். அவர்கள் லைனிங்கை நினைத்துச் செய்யவில்லை, கையுறையோடு நேரம் பார்க்க வேண்டும் என்று செய்தார்கள், நமக்கு இரண்டும் ஆயிற்று.

ஏற்கெனவே கிழிந்துபோனவர்களுக்கு: சாட்டினை இழை ஓட்டித் தைப்பது வீண், பக்கத்தில் இருக்கிற நூலும் நைந்துதான் இருக்கும், ஊசி போட்ட இடத்திலேயே விட்டுக்கொடுக்கும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற டேப் பக்கமே போகாதீர்கள், அந்தச் சூட்டில் பின்னால் இருக்கிற தோல் சுருங்கி விறைத்துவிடும். கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் வரைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலோ கெட்டியான நைலானோ பட்டையாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தைக்கிறவர் உள்ளே எப்படிப் போவது என்று யோசித்தால் இரண்டு கை லைனிங்கின் நீளத் தையலையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பல ஜாக்கெட்டுகளில் ஏதோ ஒன்றில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெளியிலிருந்து ஓரமாக ஒரு தையல் ஓடியிருக்கும், ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பிவிட்டுக் கடைசியாக மூடிய வழி அதுதான். அதைப் பிரித்துக்கொண்டு உள்ளே போகலாம். தோலில் புதிதாக ஊசித் துளை போட வேண்டாம், தோலில் விழுந்த துளை மூடாது, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைக்கட்டும்.