மூவெட் தேர்வும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும்

வணக்கம் நேயர்களே. மூவெட் என்னும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை எழுதப் போகும் பிள்ளைகளுக்காக இந்த உரை. சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே என் வேலைக்காலம் போனது. அதனால் நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகப் பேச நான் வரவில்லை. வீட்டில் தமிழ், ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்மொழியில் இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்த நம் பிள்ளைகள், மேல்நிலை ஆங்கில இலக்கணத்தையும் சொற்களையும் தேர்வுக்கு முன்னால் எப்படித் திருப்பிப் பார்க்கலாம் என்றுதான் சொல்லப் போகிறேன்.

பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "சார், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினதாலதான் இங்கிலீஷ் வரலையா?" இல்லை. தமிழ் இலக்கணத்தைக் கவனித்துப் படித்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் கடினம் என்று சொல்லப்படும் பல இடங்கள் ஏற்கெனவே பாதி புரிந்திருக்கின்றன. அதை யாரும் அந்தப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. மூவெட் 1999-இல் தொடங்கியது. மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. 2021 முதல் புதிய அமைப்பு வந்தது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள். நான்குக்கும் சமமான புள்ளிகள். முன்பு வாசிப்புத் தாளுக்கே அதிக எடை இருந்தது. இப்போது வாசிப்பை மட்டும் நம்பி நல்ல பேண்ட், அதாவது தேர்ச்சி நிலை, வாங்க முடியாது. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கான பயிற்சிகளை நூற்றுக்கணக்கில் செய்துவிட்டு, ஒரு கட்டுரைகூட எழுதிப் பார்க்காமல் தேர்வுக்குப் போகும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதும்போதும் பேசும்போதும் இலக்கணம் கைக்கு வருகிறதா என்றுதான் தேர்வாளர் பார்க்கிறார்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் பயப்படுவது இஃப் வாக்கியங்களுக்கு, அதிலும் மூன்றாம் வகைக்கு. "இஃப் ஐ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் சீன் ஹிம்." இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நான் வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பேன்." வந்திருந்தால் என்ற இடத்தில் ஹேட் கம். பார்த்திருப்பேன் என்ற இடத்தில் வுட் ஹேவ் சீன். நடக்காமல் போன ஒன்றைச் சொல்ல, இரண்டு மொழியும் வினையின் மேல் இன்னொரு துணைவினையை ஏற்றுகின்றன. நாம் "இரு" சேர்க்கிறோம், அவர்கள் "ஹேவ்" சேர்க்கிறார்கள். வந்தால் பார்ப்பேன் என்பதற்கும் வந்திருந்தால் பார்த்திருப்பேன் என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யும் முன்னால் அந்த அறிவைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள்.

இதே வழியில் இன்னும் நான்கு அடி போகலாம். பார்த்திருக்கலாம் என்றால் குட் ஹேவ் சீன், அல்லது மைட் ஹேவ் சீன். பார்த்திருக்க முடியாது என்றால் குடின்ட் ஹேவ் சீன். பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் இரண்டு பக்கம் போகும். பார்க்காமல் விட்டது தவறு என்ற பொருளில் சொன்னால் ஷுட் ஹேவ் சீன். கட்டாயம் பார்த்திருப்பார் என்ற ஊகத்தில் சொன்னால் மஸ்ட் ஹேவ் சீன். இந்த இடத்தில் தமிழ் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது; ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. ஆகவே இங்கே நின்று, நான் சொல்ல வந்தது குறையா, ஊகமா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். கருத்துக் கட்டுரையில் "அரசாங்கம் முன்பே செய்திருக்க வேண்டும்" போன்ற வரிகள் வராமல் இருக்காது. அதனால் இந்த ஐந்து வடிவங்களுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கினாலும் வீண் இல்லை.

அடுத்தது ஹேவ் பின், ஹேவ் சீன் போன்ற வடிவங்கள். "நான் ஈப்போவுக்குப் போயிருக்கிறேன்" என்பதும் "ஐ ஹேவ் பின் டு ஈப்போ" என்பதும் ஒரே நினைப்புதான். ஆனால் தமிழில் "நேற்று மாமா வந்திருக்கிறார்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எஸ்டர்டே என்று நாளைச் சொல்லிவிட்டால் ஹேஸ் கம் வராது, வெறும் கேம்தான். மலாயின் சூடா என்ற சொல்லும் இங்கே குறுக்கே வருகிறது. மலாய் வினைக்குக் காலம் காட்டும் விகுதி இல்லை. முடிந்துவிட்டது என்று காட்ட சூடா போதும். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் "ஐ ஈட் ஆல்ரெடி" என்கிறார்கள். கடையிலும் திடலிலும் நண்பர்களோடு அப்படிப் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை. தேர்வு அறைக்குள் போகும்போது அதை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல மாணவர்களும் செய்யும் ஒரு தவறு: "தி காஸ்ட் ஆஃப் தி மெஷின்ஸ் யூஸ்ட் இன் தீஸ் எஸ்டேட்ஸ் ஹேவ் ரிஸன்." ஹேஸ் என்று இருக்க வேண்டும், ஏனென்றால் ஏறியது விலை, ஒருமை. ஏன் தவறு வருகிறது? தமிழில் சொல்லுங்கள்: "இந்தத் தோட்டங்களில் பயன்படுத்தும் இயந்திரங்களின் விலை ஏறியிருக்கிறது." விலை என்ற எழுவாய், வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பெயரெச்சம், வேற்றுமை, அடைமொழி எல்லாம் எழுவாய்க்கு முன்னால் வந்துவிடுவதால் தவறு செய்ய இடமே இல்லை. ஆங்கிலத்தில் அந்த அடைமொழிகள் எல்லாம் எழுவாய்க்குப் பின்னால் போய், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நிற்கின்றன. வினையை எழுதும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது எஸ்டேட்ஸ் என்ற பன்மைச் சொல். கை தானாக ஹேவ் என்று எழுதிவிடுகிறது.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் வழி எளிது. நீண்ட வாக்கியம் எழுதி முடித்ததும் அதை மனத்துக்குள் தமிழில் திருப்புங்கள். ஏறியது எது, செய்தது யார் என்று வினையை வைத்துக் கேட்டால் எந்தப் பெயர் பதிலாக வருகிறதோ அதுதான் பெரும்பாலும் ஆங்கில வாக்கியத்தின் எழுவாய். அதோடு வினையைப் பொருத்திப் பாருங்கள். ஹூ, விச், தட் சேர்த்து எழுதும் வாக்கியங்களுக்கும் இது உதவும். "நேற்று வந்த ஆசிரியர்" என்ற பெயரெச்சத் தொடரைத் திருப்பிப் போட்டால் "தி டீச்சர் ஹூ கேம் எஸ்டர்டே". பெயரெச்சம் படித்த பிள்ளைக்கு இது புதுப்பாடம் இல்லை. வரிசை மட்டும்தான் மாறுகிறது.

வினையெச்சமும் அப்படியே. "வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்" என்பதை "ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், ஹி வென்ட் ஹோம்" என்று எழுதலாம். முடித்தவரும் போனவரும் ஒருவரே என்பது இங்கே கட்டாயம். "வாக்கிங் ஹோம், தி ரெயின் ஸ்டார்ட்டட்" என்று எழுதினால் மழை நடந்து வீட்டுக்குப் போனதாக ஆகிவிடும். "நடந்துவிட்டு மழை பெய்தது" என்று நாம் தமிழில் சொல்வோமா? அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

செயப்பாட்டுவினையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கட்டப்பட்டது, மலாயில் டிபினா, ஆங்கிலத்தில் வாஸ் பில்ட். மூன்று மொழியிலும் படித்ததுதான். பீ என்ற துணைவினையை விட்டுவிடாமல் எழுதினால் போதும்.

தமிழ் உதவாத இடங்களையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எ, அன், தி ஆகிய மூன்றுக்கும் நேரான இணை தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நிறைய வாசித்துத்தான் காது பழக வேண்டும். ஒரு சோதனை மட்டும் கைகொடுக்கும்: வாசிப்பவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் தி. முதல்முறை சொல்கிறேன், எண்ணக்கூடிய ஒன்று என்றால் எ அல்லது அன். அப்புறம், பன்மை ஆகாத சொற்கள்: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், ஹோம்வொர்க். இவற்றுக்குப் பின்னால் எஸ் சேர்க்கக் கூடாது. "அறிவுரைகள்" என்று தமிழில் சொல்லலாம், அட்வைஸஸ் கிடையாது. இப்படி ஒரு பட்டியலை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, புதிய சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

தமிழ் நம்மைத் தவறாக இழுக்கும் இடமும் உண்டு. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்ற பழக்கத்தில்தான் "டிஸ்கஸ் அபௌட்" வருகிறது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் "பற்றி" இருக்கிறது. "வி டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்" என்றால் முடிந்தது. "எம்ஃபசைஸ் ஆன்" என்பதிலும் ஆன் வேண்டாம். "நாட் ஒன்லி" என்று வாக்கியத்தைத் தொடங்கினால் பின்னால் கேள்வி வரிசை வரும்: "நாட் ஒன்லி டிட் ஹி கம்". கட்டுரையில் ஒருமுறை சரியாக வந்தால் அழகு. தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் நல்ல கட்டுரை எழுதலாம்.

சொற்களுக்கு வருகிறேன். தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் பழமொழிகளையும் மரபுத்தொடர்களையும் மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டுரையில் மனப்பாடம் செய்த தொடர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தைக் கல்விச் சொற்களுக்குக் கொடுங்கள். நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பல துறைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் இருக்கின்றன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இவையே என்று அவர் கண்டார். அனலைஸ், சிக்னிஃபிகன்ட், கான்ட்ரிபியூட், பாலிசி மாதிரியான சொற்கள். மூவெட் வாசிப்புத் தாளிலும் இவை வரும், நாளைக்குப் பல்கலைக்கழகப் பாடநூலிலும் இவையே வரும்.

சொல்லைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள். எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, இரண்டையும் ஒன்றாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் முடிவை மேக் எ டிசிஷன் என்பார்கள், ஆய்வைக் கண்டக்ட் ரிசர்ச் என்பார்கள், பிரச்சினையை அட்ரஸ் எ ப்ராப்ளம் என்பார்கள். ஒரு சொல்லின் குடும்பத்தையும் சேர்த்துப் படியுங்கள்: எகானமி, எகனாமிக், எகனாமிக்கல் மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. நாளிதழின் தலையங்கத்தையோ ஒரு கட்டுரையையோ எடுத்து, இப்படிப்பட்ட ஜோடிகளைக் கோடிட்டு, அன்றைக்கே சொந்த வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் சொல்லை நிலைக்க வைக்கும்.

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆசிரியர் திருத்திக் கொடுத்த உங்கள் பழைய கட்டுரைகளை எடுங்கள். சிவப்பு மையில் எந்தத் தவறு அதிகம் வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கைந்து வகைத் தவறுதான் மாறி மாறி வரும். அந்தப் பாடங்களை மட்டும் படியுங்கள். எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். 100 சொல்லுக்குக் குறையாத ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதம், 250 சொல்லுக்குக் குறையாத ஒரு கட்டுரை. கடைசி ஐந்து நிமிடத்தை உங்கள் சொந்தத் தவறுகளைத் தேடுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவுக்கு டியூஷன் போக முடியாத பிள்ளைகள் உண்டு. பேருந்துக் கட்டணமும் நேரமும் எனக்குத் தெரியும். தேர்வு மன்றம் மாதிரி வினாக்களை வெளியிட்டிருக்கிறது, அதைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பேச்சுத் தாளில் தனியாகவும் பேச வேண்டும், குழுவாகவும் பேச வேண்டும். குழுப்பேச்சை ஒருவர் தனியாகப் பழக முடியாது. ஒரே தோட்டத்தில் அல்லது தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து, கோயில் மண்டபத்திலோ யாராவது ஒருவர் வீட்டு முன்புறத்திலோ உட்காருங்கள். ஒரு தலைப்பு, கைபேசியில் நேரக் கணக்கு, பேச்சைப் பதிவு செய்து கேளுங்கள். நண்பர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் தன் பேச்சை மட்டும் ஒப்பித்தவர் யார் என்று பதிவில் தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மாலை போதும், இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.