இடக்கைச் சக்கரத்தை முதலில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் திருவிழாக் கச்சேரிகளுக்கு வாசிப்பவர்களும் குறும்படங்களுக்கு இசையமைக்கும் இளைஞர்களும் இப்போது வீட்டிலேயே கணினியில் பாட்டை உருவாக்குகிறார்கள். அதற்கு மிடி கீபோர்டு வாங்க நினைப்பவர்கள், 61 கட்டை வேண்டுமா, 49 போதுமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், இடப்பக்கத்தில் இருக்கும், ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்க உதவும் பிட்ச் வீல் என்ற சக்கரத்தை முதலில் பார்க்கச் சொல்வேன்.

அதற்கான காரணத்தை வானொலியின் வரலாற்றிலிருந்தே சொல்லலாம். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பில் ஏற்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இழைந்து செல்ல அதில் வழியில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியமான குறை. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த நம் ஊர் ஸ்பெஷல் நாடக மேடைகளில் அதே ஆர்மோனியம் பின்பாட்டோடு கோலோச்சியது என்பது வேறு செய்தி. ஆனாலும் அந்தக் குறை பொய்யன்று. அழுத்தினால் நிலையான சுரத்தை மட்டுமே தரும் எந்தக் கட்டைக்கும் அது பொருந்தும். மிடி கீபோர்டில் அந்தக் குறையைப் போக்குவது பிட்ச் வீல்தான்.

மிடி கீபோர்டு தானாக ஒலி எழுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற தகவலை, 1983-இல் அறிமுகமான மிடி முறையின்படி எண்களாகக் கணினிக்கு அனுப்புகிறது; அதை நாகசுரமாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்வது மென்பொருள். அழுத்தும் வேகத்தைக் குறிக்க 127 வரைதான் எண்கள் உண்டு. பிட்ச் வீலுக்கோ 16,384 படிகள் உண்டு. மலிவான சில கருவிகள் அத்தனை படிகளையும் அனுப்புவதில்லை என்பதால், நீளமான ஒரு சுரத்தை மெதுவாக வளைத்து, ஒலி வழுக்கிச் செல்கிறதா, படியேறுவதுபோல் துள்ளுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது நல்லது.

பெரும்பாலான மென்பொருள்களில் இந்தச் சக்கரம் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்கள் வளைக்கும்படி அமைந்திருக்கும்; அரைச்சுரம் என்பது ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி. தோடியின் காந்தாரம் சுத்த ரிஷபத்தையும் சுத்த மத்திமத்தையும் தொட்டு அசைவது. அதற்கு இந்த அளவே பொருந்திவிடும். பஞ்சமத்திலிருந்து மேல்ஸ்தாயி சட்ஜத்துக்கு ஒரே ஜாருவில், அதாவது இடையில் நிற்காமல் வழுக்கி, போக ஐந்து அரைச்சுரங்கள் வேண்டும் என்பதால், மென்பொருளில் எல்லையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வரை கூட்டினால், விரல் சற்றே நகர்ந்தாலும் சுருதி எங்கோ போய்விடும்; சுரத்தை அசைத்து இசைக்கும் கமகத்துக்கு அது உதவாது. இன்னொன்று, ஒரே சேனலில், அதாவது ஒரே மிடி தடத்தில், ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சக்கரம் சேர்த்தே வளைக்கும் என்பதால், ராகத்தின் வரியைத் தனி டிராக்கிலும் பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளை வேறு டிராக்கிலும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் எம்.பி.இ. முறை 2018-இல் வந்துவிட்டது; அந்தக் கருவிகளின் விலைதான் முதன்முதலாக வாங்குபவரை யோசிக்க வைக்கும்.

25 கட்டை உள்ள சிறிய கருவிகள் பலவற்றில் சக்கரத்துக்குப் பதிலாகத் தொடுபட்டையோ குட்டி ஜாய்ஸ்டிக்கோ இருக்கிறது. பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போக அவை வசதியானவை. நிதானமாக அசைக்க வேண்டிய கமகத்துக்கு வில்விசையோடு நடுவுக்குத் திரும்பும் சக்கரமே நல்லது என்பது என் கருத்து. அது கட்டைகளுக்கு மேலே இல்லாமல் இடப்பக்கத்தில் இருந்தால் கை சோராது.

கட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 49 கட்டை என்பது நான்கு ஸ்தாயி. பாட்டின் மெட்டுக்கு அது தாராளம். இரு கைகளாலும் வாசிப்பவர் 61 வாங்கலாம். பியானோ பயின்றவருக்கு மட்டுமே 88 தேவைப்படும். அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வந்தால் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். கணினி ஒலியை வெளியிடும் முன் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவை மென்பொருளில் குறைத்து, விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ என்ற ஒலி டிரைவரையும் போட்டுப் பாருங்கள்.

பழைய கருவி வாங்குபவர்கள், சக்கரத்தை இருபுறமும் பலமுறை தள்ளிவிட்டு, மென்பொருளில் தெரியும் எண் ஒவ்வொரு முறையும் சரியாகச் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த சக்கரம் சற்று விலகியே நிற்கும். அப்படி நின்றால், தம்பூராவோடு சேர்த்து வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் சுருதி பிசகியே ஒலிக்கும்.