டப்பாவில் அடைத்த காற்று

எல்லோருக்கும் வணக்கம். டீ வரும் வரைக்கும்தான் எனக்கு நேரமாம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர் பேக்கரிகளில் 'ஃப்ரெஷ் கிரீம் கேக்' என்று எழுதி வைத்திருக்கிறார்களே, பல கடைகளில் அது பால் கிரீமே கிடையாது.

அந்த மாற்று கிரீமின் பூர்வீகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே கெட்டிக் கிரீம் விற்கக் கட்டுப்பாடு. பஃபலோ நகரத்துப் பால் வியாபாரி ராபர்ட் ரிச், 1945இல் சோயாவிலிருந்து ஒரு மாற்று கிரீம் செய்தார். அதை விற்பனையாளர்களிடம் காட்ட ரயிலில் கொண்டுபோனார், கெட்டுவிடக் கூடாதே என்று உலர்பனிக்கட்டி (டிரை ஐஸ்) வைத்துக் கட்டி. போய்ப் பிரித்தால் கல் மாதிரி உறைந்து கிடக்கிறது! மனுஷன் அசரவில்லை, கத்தியால் ஒரு துண்டு வெட்டி, இளகவிட்டு அடித்துப் பார்த்தார், புசுபுசுவென்று எழும்பியது. பால் கிரீமை இப்படி உறையவைத்து இளக்கினால் திரிதிரியாகப் போய்விடும்.

சரி, அடிக்கிற வேலையும் வேண்டாமே என்று 1966இல் வந்ததுதான் கூல் விப், ஏற்கெனவே அடித்து டப்பாவில் அடைத்து விற்கிற மாற்று கிரீம். ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியின் பேர்ட்ஸ் ஐ பிரிவு விற்றது. உருவாக்கியவர் வில்லியம் மிட்செல், வாயில் போட்டால் படபடவென்று வெடிக்கும் பாப் ராக்ஸ் மிட்டாயும் அவர் வேலைதான்.

டப்பாவைத் திருப்பிப் படித்தால் தண்ணீர், மக்காச்சோளப் பாகு, அப்புறம் ஹைட்ரஜன் ஏற்றிய தேங்காய் எண்ணெய். ஆமாம், நம் தேங்காய் எண்ணெய்! குளிரில் கெட்டியாக நின்று நாக்கில் பட்டதும் கரைகிற குணம் அதற்கு இருக்கிறது. ஒருவகையில் டால்டாவுக்குப் பங்காளி. மிச்சத்தில் பெரும்பாலும் காற்று.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் நிஜ கிரீமை அடித்துப் பாருங்கள், இரண்டு சுற்று கூடினால் வெண்ணெய் திரண்டுவிடும், வாசலில் விருந்தாளி நிற்பார். கூல் விப் அந்தப் பதற்றத்தை எடுத்துவிட்டது. அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) பண்டிகையில் 'பம்ப்கின் பை' என்கிற பூசணிப் பலகாரத்தின் தலையில் ஒரு கரண்டி, சர்ச் விருந்தில் ஜெல்லோ என்கிற ஜெல்லியோடு கலந்து ஒரு பாத்திரம் என்று அது குடும்பத்து ஆளாகிவிட்டது.

அந்தக் காலி டப்பாவை அமெரிக்கப் பாட்டிகள் தூக்கிப் போடுவதே இல்லை. ஆசையாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறக்கும் பேரனுக்கு உள்ளே நேற்றைய பீன்ஸ்தான் கிடைக்கும், நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருப்பதுபோல.